வெடித்த பெருந்தமனிப் புடைப்பும் குழல்வழிச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

வயிற்றுப் பெருந்தமனியின் சுவர் நலிந்து புடைத்து வெடிக்கும்போது நோயாளருள் பலர் மருத்துவமனையை அடையுமுன்னரே இறந்துவிடுகின்றனர். எஞ்சியோர்க்கு வயிற்றைத் திறந்து, தமனியைக் கவ்வியால் இறுக்கி, செயற்கைக் குழலைத் தைப்பதே நெடுங்காலம் ஒரே வழியாக இருந்தது. இம்முறையில் ஓர் உள்முரண் உண்டு. கசிவைத் தாங்கி நிற்பது வயிற்றறையின் அழுத்தமே. மயக்க மருந்து தசைகளைத் தளர்த்தி, கத்தி வயிற்றைத் திறந்ததும் அத்தாங்கல் அற்றுப்போகிறது.

1990 செப்டம்பரில் புவெனஸ் ஐரிஸ் நகரில் ஹுவான் பரோடி, ஹூலியோ பால்மாஸ் வடிவமைத்த ஸ்டென்ட்டுடன் டேக்ரான் குழலைத் தைத்துத் தொடைத் தமனி வழியே செலுத்தினார். (கார்கிவ் நகரின் நிக்கலாய் வொலொடோஸ் 1987இலேயே மார்புப் பெருந்தமனியில் இதைச் செய்திருந்தார்; அப்பணியை மேலைநாட்டார் நெடுநாள் அறியவில்லை.) ஆனால் குழலை அளவெடுத்து அமைக்க அவகாசம் வேண்டும், வெடிப்போ அவகாசம் தருவதில்லை. ஆகவே 1994இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் குழுவினர் கசியும் புடைப்பொன்றைக் குழல்வழியே அடைத்ததாக 'லான்செட்' இதழில் அறிவித்தது துணிகரமான செயலே. அதே காலத்தில் நியூயார்க்கின் மான்ட்டிஃபியோரி மருத்துவமனையிலும் இம்முயற்சி நடந்தது.

அங்குப் பணியாற்றிய ஃபிராங்க் வீத் குழுவினரின் பங்களிப்பு, கருவியைவிட நெறிமுறையில்தான் பெரிது எனலாம். அழுத்தம் வீழ்ந்தால் நரம்புவழித் திரவத்தை வேகமாக ஏற்றுவதே அதுவரை வழக்கம். நோயாளர் நினைவோடு இருக்கும்வரை தாழ்ந்த அழுத்தத்தைப் பொறுத்துக்கொண்டு திரவத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றனர் இவர்கள். நிலை மேலும் மோசமானால் மட்டுமே பலூனைச் செலுத்திப் பெருந்தமனியைத் தற்காலிகமாக அடைத்தனர்.

ஆயினும், சி.டி. ஸ்கேனுக்குத் தாக்குப்பிடித்தவர்களே குழல்வழிச் சிகிச்சை பெற்றனர். அதனால்தான் முடிவுகள் சிறந்து தோன்றின என்ற ஐயம் நியாயமானது. அதைச் சோதித்த 'இம்ப்ரூவ்' ஆய்வில் 613 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். முப்பது நாளில் இறப்பு குழல்வழி உத்தியில் 35.4 விழுக்காடு, திறந்த முறையில் 37.4 விழுக்காடு. இதனை வெறும் சமநிலையாக வாசிப்பது பொருந்தாது. ஒப்பிடப்பட்டவை உத்திகள், குழல்வழிப் பிரிவினருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே அச்சிகிச்சை நிகழ்ந்தது. மூன்றாண்டு முடிவில் இறப்பு 48, 56 விழுக்காடு என விலகியது. பெண்களுக்குப் பயன் கூடுதல்.

பிரிட்டனின் 2020ஆம் ஆண்டு நைஸ் வழிகாட்டுதல், வெடிக்காத புடைப்புக்குத் திறந்த அறுவையை முன்னிறுத்துகிறது; வெடித்த புடைப்புக்கோ, பெரும்பாலானோர்க்குக் குழல்வழி முறையே கூடுதல் நன்மை தருவதாகக் கூறுகிறது. எழுபது வயதுக்குட்பட்ட ஆண்கள் மட்டும் இதற்கு விலக்கு.