பியூட்டிஃபுல் லூசர்ஸ் (ஆவணப்படம்)

பியூட்டிஃபுல் லூசர்ஸ், 1990களில் நியூயார்க்கின் சிறிய ஓவியக்கூடம் ஒன்றைச் சுற்றித் திரண்ட அமெரிக்கக் கலைஞர்களைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆவணப்படம். இயக்கியவர் ஆரன் ரோஸ். இணை இயக்குநர் ஜோஷுவா லெனார்ட்.

1992இல் மன்ஹாட்டனின் லட்லோ தெருவில் ரோஸ் தொடங்கிய அலெஜ்ட் கேலரிதான் இக்குழுவின் தாய்வீடு. அங்கே கூடியவர்களை இணைத்தது எந்தக் கொள்கை அறிக்கையும் அல்ல; ஸ்கேட்போர்டு, பங்க் இசை, சுவரெழுத்து ஆகியவற்றின் மீதான பற்றுதான். எட் டெம்பிள்டன் தொழில்முறை ஸ்கேட்போர்டு வீரர். ஷெபர்ட் ஃபேரி, மாணவராக இருந்த 1989 முதல் மல்யுத்த வீரர் ஆந்த்ரேயின் முகத்தை ஸ்டிக்கராக்கித் தெருவெங்கும் ஒட்டியவர். பேரி மெக்கீ காலி மதுப்புட்டிகளில் வீடற்றவர்களின் சோர்ந்த முகங்களைத் தீட்டினார்.

இவர்களில் மார்கரெட் கில்கேலனைத் தனியே சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் பழைய நூல்களைச் செப்பனிடும் பணியில் இருந்தவர். அந்த நூல்களின் அச்செழுத்துகளும், நகரத்துக் கடைகளில் கையால் எழுதிய பெயர்ப்பலகைகளும் அவர் ஓவியங்களில் கலந்தன. பெரிய சுவர்களிலும் கையாலேயே கோடிழுத்தார். அதில் தெரியும் சிறு நடுக்கத்தை அழகென்றே கொண்டார். கணவர் மெக்கீயுடன் சேர்ந்து சரக்கு ரயில் பெட்டிகளிலும் வரைந்தார். 2001 ஜூனில், மகள் பிறந்த சில வாரங்களில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அப்போது வயது 33.

ஓவியக்கூடம் 2002இல் மூடப்பட்டது. 2004இல் ரோஸும் கிறிஸ்டியன் ஸ்டிரைக்கும் இக்கலைஞர்களின் படைப்புகளைத் திரட்டி, சின்சினாட்டி நகரில் இதே பெயரில் கண்காட்சி வைத்தனர். அதிலிருந்து வளர்ந்ததே இப்படம்.

குழுவில் ஒருவரே இயக்குநர் என்பதால் கலைஞர்கள் கூச்சமின்றிப் பேசுகிறார்கள்: பள்ளியில் ஒதுக்கப்பட்டது, காசில்லாமல் வரைந்தது, நண்பர்களுக்காகவே வரைந்தது. அந்த எளிமை உண்மையானது. குறையும் அங்கேயே இருக்கிறது. பெருநிறுவன விளம்பரங்களுக்கு இவர்கள் வேலை செய்ததைப் படம் தொடுகிறது, துருவவில்லை. வெளியாள் ஒருவர் எடுத்திருந்தால் அந்தக் கேள்வி கூர்மையாகியிருக்கும். ஆனால் கில்கேலனைப் பற்றி நண்பர்கள் பேசும் பகுதியை வெளியாள் எடுத்திருக்க முடியாது. படத்தின் உயர்ந்த இடம் அதுதான்.

படம் வந்த அதே ஆண்டில் ஃபேரியின் ஒபாமா சுவரொட்டி உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு அதன் ஒரு படிவம் வாஷிங்டனின் தேசிய உருவப்படக் கூடத்தில் சேர்ந்தது.

கில்கேலன் வேலை செய்வதைப் பார்க்க விரும்புவோர், 2001இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த 'ஆர்ட் 21' தொடரின் முதல் பருவத்தையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.