குழவி நின்றது, கல் சுழன்றது

இட்லியைச் சிலாகிக்காத தமிழர் அரியர். ஆயினும் அந்த இட்லிக்காக முந்தின நாள் மாலையில் ஆட்டுக்கல்லின் முன் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி அமர்ந்து, வலக்கையால் குழவியைச் சுழற்றிக்கொண்டே இடக்கையால் உளுந்தைக் குழியினுள் தள்ளிவிட்டு, இடையிடையே நீர் தெளித்து, மாவு நுரைத்துப் பொங்கி வரும்வரை தேகசிரமப்பட்ட பெண்களின் தோள்வலியை நீண்ட காலம் எவரும் ஒரு பொருட்டாகக் கருதியதில்லை. வீட்டு ஆண்களுக்கு அது வழக்கமாகக் காதில் விழும் ஓசை, ஆட்டுகிறவளுக்கோ தலைவிதி. கல்லைக் கொத்திக் கொடுக்க ஆள் வருவானே தவிர, கல்லையே மாற்றலாம் என்ற யோசனை வரவில்லை.

அந்த யோசனைக்குச் செயல்வடிவம் கொடுத்த கீர்த்தி கோயமுத்தூரைச் சேர்ந்தது. 1955-ஆம் ஆண்டில் பி. சபாபதி என்பவர் அங்கே மின்சாரத்தால் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார். இதை வெறும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதிலிருந்து நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, 1932-இல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் இறங்கி வந்து, 1937-இல் இந்நாட்டின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவதும் அங்கேயே பிறந்து, ஆலைகளுக்கு உதிரிப்பாகம் கடைந்து தரும் லேத் பட்டறைகள் மலிந்துவிட்ட ஊரில், பகலெல்லாம் பெல்ட்டோடும் பல்சக்கரத்தோடும் பழகியவன் மாலையில் வீடு திரும்பினால் அவன் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தது ஆட்டுக்கல் குழவி. கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள்; அசல் மான்செஸ்டரில் லேத்துக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் அங்கே உளுந்து ஊறப்போடுவார் எவருமில்லை!

இந்த யந்திரத்தின் சூட்சுமம் ஒரு தலைகீழ் மாற்றத்தில் இருக்கிறது. கையால் ஆட்டும்போது கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரிலோ குழவியை ஒரு பிடியில் நிறுத்திவிட்டுக் கல்லைச் சுழல விட்டார்கள். இடக்கை செய்துவந்த வேலையை, ஓரத்தில் ஒதுங்கும் மாவை நடுவுக்குத் திருப்பும் ஒரு சிறு பலகை ஏற்றுக்கொண்டது. கருங்கல்லை மட்டும் கைவிடவில்லை. அதிவேகமாகச் சுழலும் இரும்பு அலகு மாவைச் சூடாக்கிவிடும், மெதுவாக அரைக்கும் கல் அப்படிச் செய்யாது என்பது எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சாஸ்திரம். ஊத்துக்குளி வட்டாரத்துக் கல் இதற்கென்றே பிரசித்தி பெற்றது.

தோள்வலி தீர்ந்ததும் அதுவரை அதன் நிழலில் மறைந்திருந்த சங்கடம் வெளிப்பட்டது: கனத்த குழவியைத் தூக்கி வைத்து, ஆழமான கல்லுக்குள் கையை விட்டு மாவை வழித்தெடுத்து, பிறகு குனிந்து கழுவவேண்டும். 1963-இல் ஆர். துரைசாமி, பாத்திரத்தையே சாய்த்து மாவை ஊற்றிக்கொள்ளும் டில்டிங் கிரைண்டரைக் கொண்டுவந்தார். அப்புறம் நகரத்துச் சமையலறை சுருங்கியது; யந்திரமும் சுருங்கி, எவர்சில்வர் பாத்திரத்துக்குள் கூம்பு வடிவக் குட்டிக் கற்கள் உருளும் டேபிள் டாப் ஆயிற்று. இவ்வொவ்வொரு மாறுதலுக்கும் அடுப்பங்கரையில் எழுந்த ஒரு முணுமுணுப்பே மூலகாரணம் என்பது என் ஊகம்.

கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011-இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வீடுகளுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. அம்மூன்றனுள் இந்த மண்ணிலேயே பிறந்தது கிரைண்டர் ஒன்றுதான்.