டு-லெட் பலகைக்கு ஓர் உரை

மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கேட்டில் கம்பி போட்டுக் கட்டியிருந்த அட்டை. மூலம் இவ்வளவுதான்: 'வீடு வாடகைக்கு. 2 பெட்ரூம், மாடி. சிறு குடும்பம். சைவம் மட்டும். பேச்சிலர் வேண்டாம். 10 மாத அட்வான்ஸ்.'

வீடு வாடகைக்கு, 2 பெட்ரூம், மாடி: பொருள் வெளிப்படை.

சிறு குடும்பம்: கணவன், மனைவி, ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. இது தலைக்கணக்கல்ல, தண்ணீர்க் கணக்கு. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்கள் இந்தச் சொல்லைக் குறை சொல்ல மாட்டார்கள். ஊரிலிருந்து மாமியார் வந்து இரண்டு மாதம் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மூலத்தில் விடையில்லை.

சைவம் மட்டும்: அட்டையின் உயிர் இங்கேதான். 'மட்டும்' என்பது பிரித்து விலக்க வந்த சொல். மீன் வாடை ஆகாது என்பது நேர்ப்பொருள். அதை நம்பித்தான் போன் போட்டேன்.

"நாங்க சைவம்தான் சார்."

"சந்தோஷம். சொந்த ஊர் எது?"

"மதுரைப் பக்கம்."

"பக்கம்னா எங்க? அப்பா என்ன பண்றார்? உங்க முழுப் பேரு?"

சொன்னேன். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அடுப்பைப் பற்றி அதற்கப்புறம் ஒரு கேள்வியும் வரவில்லை. அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல் என்று பள்ளியில் படித்தோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பேச்சிலர் வேண்டாம்: பழைய பயம்தான், 2012இல் தடித்தது. அந்தப் பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீடொன்றில், வங்கிக் கொள்ளையர் எனச் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும்படி வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. போலீஸ் கேட்டது விவரத்தை. படிவம் நிரப்பும் சிரமத்துக்கு ஆளையே மறுத்துவிடுவது சுலபம் என்று பலருக்குத் தோன்றிவிட்டது.

10 மாத அட்வான்ஸ்: வாடகை 20,000 என்றால் முன்பணம் 2 லட்சம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் 'இருவரும் வேறுவிதமாக உடன்பட்டாலன்றி' என்ற கருத்தில் ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. மீதி ஏழு மாதமும் அந்த 'அன்றி'க்குள் அடங்கிவிடும். மொத்தமாக இவ்வளவு புரட்ட முடிந்தவர் மாதாமாதமும் தவறமாட்டார் என்பது வீட்டுக்காரர் கணக்கு. முன்பு குடியிருந்த வீட்டுக்காரரை விசாரித்தால் அதைவிடத் திருத்தமாகத் தெரிந்துவிடும். நான் நான்கு வீடு மாறிவிட்டேன். ஒருவர்கூடப் பழைய வீட்டுக்காரரின் போன் எண்ணைக் கேட்கவில்லை.

மூலத்தில் இல்லாதது ஒன்று உண்டு: காலி செய்யும்போது பெயின்ட்டுக்கென்று ஒரு மாத வாடகை கழியும். வீட்டுக்காரர் சுவரில் ஆணி ஓட்டைகளை விரலால் தடவி எண்ணும்போதுதான் அந்த வரி வாசிக்கக் கிடைக்கும்.