நிறம் போனால் நஞ்சு போகுமா?

அறிவியல் கண்காட்சிகளில் நான் தவறாமல் காணும் செய்முறை ஒன்று உண்டு. மெத்திலீன் நீலம் கலந்த நீரில் வெண்ணிறப் பொடி ஒரு சிட்டிகை இடப்படும். குடுவை வெயிலில் வைக்கப்படும். சில மணி நேரத்தில் நீலம் மறைந்து நீர் தெளிந்துவிடும். திருப்பூரின் சாயக் கழிவுக்கு இதுவே தீர்வு என்ற விளக்கமும் கூடவே வரும். மாணவர்களின் ஆர்வம் போற்றத்தக்கது. அந்த விளக்கம்தான் எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பொடி டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர்ப் பூச்சுக்கு வெண்மை தரும் அதே பொருள். இதன் மீது ஒளி விழச் செய்து நீரைப் பிரிக்க முடியும் என்று 1972-இல் 'நேச்சர்' இதழில் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் எழுதினர். புறஊதாக் கதிர் பட்டதும் பொடியிலுள்ள எலக்ட்ரான் ஒன்று துள்ளி எழ, அது விட்டுச் சென்ற வெற்றிடம் நீரிலிருந்து 'ஹைட்ராக்சில்' என்னும் தனி உறுப்பை உண்டாக்குகிறது. குளோரினையும் ஓசோனையும் விஞ்சிய வேகம் இதற்கு உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சினாலும் இதுவே பிறக்கும். 1894-இல் ஃபென்டன் கண்ட இரும்பு - பெராக்சைடு வினையும், வெயில் பட்டால் இன்னும் விரைவாக இதை உண்டாக்கும்.

ஆனால், ஹைட்ராக்சிலுக்கு நண்பன், பகைவன் என்ற பேதம் கிடையாது. எதிர்ப்படும் எதையும் தாக்கும். கணப்பொழுதில் தானும் மறையும். இதன் வலிமையும் பலவீனமும் அதுவே.

சாய மூலக்கூறு முழுவதும் நிறத்துக்குப் பொறுப்பல்ல. 'அசோ' வகைச் சாயங்களில் இரு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் பிணைப்பே நிறத்துக்கு அடிப்படை. அது அறுந்தால் கண்ணுக்கு நீர் தெளிந்துவிடும். பென்சீன் வளையங்களோ சிறு துண்டுகளாக நீரிலேயே கிடக்கும். அவற்றையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்ற, நிறம் நீங்க ஆன நேரத்தைவிடப் பன்மடங்கு நேரம் வேண்டும். இடையில் தோன்றும் துண்டுகள் சில, மூலச் சாயத்தைவிட நச்சுத்தன்மை மிக்கவையாகவும் இருக்கலாம். மெத்திலீன் நீலம் இந்தச் சோதனைக்கு ஏற்ற சாயமே அன்று. அது சிதையாமலே, எலக்ட்ரான்களை ஏற்று நிறமற்ற வடிவத்துக்கு மாறிவிடக் கூடியது.

இனி, திருப்பூருக்கு வருவோம். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமானதும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் நாம் அறிந்தவை. அங்கே உழவரின் நிலத்தைக் கெடுத்தது நிறம் மட்டுமன்று, உப்பு. பருத்தி இழையில் சாயம் ஏற, சாயக் குளியலின் ஒவ்வொரு லிட்டரிலும் பல பத்து கிராம் உப்பைக் கரைக்கிறார்கள். எந்த ஒளியாலும் அந்த உப்பைச் சிதைக்க முடியாது. ஃபென்டன் முறைக்கு நீரின் அமிலத்தன்மை பி.ஹெச். 3 அளவில் இருக்க வேண்டும். அதற்காக அமிலமும் பின்னர் அதை நடுநிலையாக்கக் காரமும் சேர்த்தால், உப்பு கூடத்தான் செய்யும்.

மேலும், அடர்ந்த நிறமுள்ள கழிவில் ஒளி ஆழம் செல்லாது. சூரிய ஒளியில் டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பயன்படும் புறஊதாப் பகுதியோ ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். சாயமேற்றப் பயன்படும் சோடா ஆஷின் கார்பனேட்டும் ஹைட்ராக்சிலை வழியிலேயே விழுங்கிவிடும்.

இந்தத் தொழில்நுட்பம் பயனற்றது என்பதல்ல என் வாதம். நெதர்லாந்தின் ஆன்டைக் குடிநீர் நிலையத்தில் 2004 முதல் புறஊதாக் கதிரும் பெராக்சைடும் பூச்சிக்கொல்லி எச்சங்களைச் சிதைக்கின்றன. ஆனால், அங்கே ஒளியின் முன் வருவது முன்னரே தெளிவிக்கப்பட்ட நீர். எஞ்சிய பெராக்சைடையும் துண்டுகளையும் அகற்ற, அதன் பின்னால் கார்பன் வடிகட்டியும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் கழிவுநீரை மீட்கும்போதும், எதிர் சவ்வூடு பரவலுக்குப் பிறகே ஒளிக்கு இடம்.

திருப்பூரில் ஒளி முறையை வைப்பதானால், நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பும் வடிகட்டலும் முடிந்து, சவ்வுகளை அடைக்கும் கரிமப் பொருள் சிறிதளவே எஞ்சும் இடத்தில் வைக்கலாம். உப்பைப் பிரிக்கும் வேலை சவ்வுக்கும் ஆவியாக்கிக்கும் உரியது. கழிவு கலந்த முதல் தொட்டியிலேயே வெயிலை நம்புவது பணத்தை நீரில் கரைப்பதாகும்.

ஆகவே, 'ஒளியால் சுத்திகரித்தோம்' என்று எவரேனும் முன்மொழிந்தால், தெளிந்த குடுவையின் படத்தை நான் பார்ப்பதில்லை. மொத்தக் கரிமக் கார்பன் தொடக்கத்தில் எவ்வளவு, இறுதியில் எவ்வளவு; கரைந்த உப்பு கூடியதா; ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவு மின்சாரம் செலவானது என்றே கேட்கிறேன். வேதி ஆக்சிஜன் தேவையை மட்டும் அளந்திருந்தால், பெராக்சைடை நீக்கிய பிறகு அளந்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். மீந்திருக்கும் பெராக்சைடு அந்த எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.