மரம் போனது, இரும்பு இருக்கிறது

காட்டுப்பள்ளி என்றதும் இன்றைய சென்னைவாசியின் நினைவில் எழுவன துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் சரக்குப்பெட்டிகளுமே. அப்பெயரினுள் ஒரு காடு ஒளிந்திருப்பதை எவரும் கவனிப்பதில்லை. ஊருக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய்தான் ஒரு காலத்தில் சென்னையின் விறகுப் பாதை. 1801-இல் பேசில் காக்ரேன் தொடங்கி 1806-இல் எண்ணூர் வரை வெட்டி முடித்த கால்வாய், பின்னர் வடக்கே நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரணப் பணிகளுக்குப் பின் ஆளுநர் பக்கிங்காமின் பெயரைப் பெற்றது. அதில் வந்த படகுகள் உப்பையும் விறகையும் பேசின் பாலத்தருகே இறக்கின.

அண்மையில் எங்கள் குழுவின் நண்பரொருவர் புதியதோர் ஆசையுடன் வந்தார். அமெரிக்கக் காடுகளில் கைவிடப்பட்ட மரவெட்டி முகாம்களை, உலோகம் கண்டறியும் கருவியோடு சிலர் துழாவுகிறார்களாம். கோடாலித் தலைகள், சங்கிலிக் கொக்கிகள், மரத்தில் உரிமைக்குறி பொறிக்கும் சுத்தியல்கள் என்று மண்ணுக்கடியிலிருந்து எடுக்கிறார்களாம். “நாமும் ஒரு கருவி வாங்கிக்கொண்டு புறப்பட்டால் என்ன?” என்றார். காட்டுப்பள்ளி மணலில் அவருக்குக் கிடைக்கக்கூடியது மீன்வலையின் ஈயக்குண்டுதான் என்று சொல்லிச் சிரித்தோம். ஆயினும் கேள்வி எங்களை விடவில்லை. விறகு கடலோரத்திலிருந்து வந்தது. பெருமரம் எங்கிருந்து வந்தது? அந்த மரத்தை வெட்டிய இரும்பு இப்போது எங்கே கிடக்கிறது?

காட்டுப்பள்ளிக்குத் தெற்கே இராயபுரத்தில்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. 1862-இல் பாதை மேற்குக் கடற்கரையின் பேப்பூரைத் தொட்டது. தண்டவாளம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரலாம். அதன் அடியில் கிடக்க வேண்டிய கட்டைகளுக்கு நாட்டின் காடுகளையும் கேட்டார்கள். இரயில் வருமுன்னரே கப்பல் கட்டுவோரும் அக்காடுகளைத் தேடி வந்திருந்தனர். 1848-இல் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் இராணுவ அதிகாரி ஆனைமலைக்கு அனுப்பப்பட்டார். பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு அனுப்புவதே அவருக்கிட்ட பணி. 1856-இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்ந்த ஹியூ கிளெக்ஹார்ன், 1861-இல் வெளியிட்ட தம் நூலில், காடுகள் அழிந்து வருவதைக் கவலையோடு பதிவு செய்தார்.

கப்பல் கட்டுவோர் தேக்கை நாடியதற்கு அதன் உறுதி மட்டும் காரணமன்று. ஓக் மரத்திலுள்ள துவர்ப்பொருள் தன்னுள் அறையப்பட்ட இரும்பாணியை அரித்துவிடும். எண்ணெய்ப்பசை மிக்க தேக்கோ ஆணியைக் காக்கும். இரும்பைக் காக்கும் மரத்தை இரும்பே வெட்டிச் சாய்த்தது. இன்று மரம் போய்விட, இரும்பு காப்பாரின்றி ஈரமண்ணில் துருவேறிக் கிடக்கிறது.

என்னென்ன இரும்பு அங்கே விழுந்திருக்கும்? வெட்டும் இடத்தில் கோடாலியும் ஆப்பும். அறுப்புக் குழியில் வாளின் உடைந்த பற்கள். வெட்டவேண்டிய மரத்தின் அடியில் பட்டையைச் செதுக்கி, முத்திரைச் சுத்தியலால் வனத்துறையின் குறியை அறைவார்கள். மரம் சாய்ந்த பிறகும் அடிக்கட்டையில் அந்தக் குறி நிற்கும்; கள்ளவெட்டா நல்லவெட்டா என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஆகவே ஒரு சுத்தியல் தொலைவது அரசு முத்திரையே தொலைவதற்கு ஒப்பு. அங்கிருந்து தடிமரத்தை யானைகள் சங்கிலி பூட்டி இழுத்தன; மலைவிளிம்பிலிருந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். டாப்சிலிப் என்ற பெயர் அந்தச் சறுக்கலால் வந்தது. சமவெளியில் மாட்டுவண்டிகள் காத்திருந்தன. பிளந்த குளம்பாதலால் மாட்டின் ஒரு காலுக்கு இரண்டு லாடங்கள். கல்லுப்பாதையில் அவை கழன்று விழுந்துகொண்டே இருக்கும். கடையாணியும் சக்கரப் பட்டாவும் அவ்வாறே.

இந்தப் பட்டியலை நண்பரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அவ்வமயம் எங்களுள் மூத்தவர் ஒருவர் கேட்டார்: “ஒரு லாடத்தை எடுத்து வந்து உங்கள் மேசைமேல் வைத்தால் அது என்ன சொல்லும்?” விடை எளிது. ஒரு மாட்டுக்கு லாடம் அடிக்கப்பட்டது என்று மட்டும் சொல்லும். அதே லாடம் கிடந்த இடத்திலேயே இருந்து, அடுத்த லாடம் முப்பது அடி தள்ளியும் அதற்கடுத்தது இன்னும் தள்ளியும் கிடந்தால், வரைபடத்தில் இல்லாத ஒரு வண்டிப்பாதை நம்முன் விரியும். ஆணிகளும் கரித்துண்டுகளும் கசடும் ஓரிடத்தில் குவிந்திருந்தால் அங்கே ஒரு கொல்லன் உலை வைத்திருந்தான் என்று அறியலாம். இரும்பு ஓர் எழுத்து என்றால் அது கிடக்கும் இடமே சொற்றொடர். எழுத்தை மட்டும் பிடுங்கி வந்தவன் எதையும் படிக்க மாட்டான்.

அமெரிக்காவிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. 1876-இல் கஸ்டரின் குதிரைப்படையும் செவ்விந்தியரும் மோதிய லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983-இல் காட்டுத்தீ பரவிப் புல்லெல்லாம் எரிந்தது. மறு ஆண்டு தொல்லியலாளர் இதே கருவிகளோடு வரிசையாக நடந்து, ஒவ்வொரு தோட்டாவும் உறையும் கிடந்த இடத்தைக் குறித்த பின்னரே எடுத்தனர். உறைகளில் பதிந்த தடயங்களை ஒப்பிட்டு, தனித்தனித் துப்பாக்கிகள் களத்தில் நகர்ந்த வழியையே வரைந்துவிட்டனர். கருவி ஒன்றுதான், கையாளும் ஒழுங்கில்தான் வேட்டைக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு. அந்நாட்டிலும் அரசு நிலங்களில் நூறாண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நம் நாட்டில் வழி இன்னும் குறுகியது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனைமலையும் பரம்பிக்குளமும் இன்று புலிகள் காப்பகங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே அனுமதியின்றி நுழைவதையே தடுக்கிறது. தோண்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. நண்பரின் கருவி கடையிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

கருவியின்றியும் காணக்கூடிய இரும்பு அம்மலையில் உண்டு. கொச்சி அரசு, பரம்பிக்குளத்தின் தேக்கையும் ஈட்டியையும் கொண்டுவர, சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு ஓர் இருப்புப்பாதை அமைத்தது. 1907 முதல் 1963 வரை அது இயங்கியது. பெர்லினின் ஓரன்ஸ்டைன்–கோப்பல் நிறுவனத்தின் இயந்திரங்கள் சமதளங்களில் ஓடின. செங்குத்துச் சரிவுகளில் எஞ்சினுக்கு வேலையில்லை. உச்சியிலிருந்து இறங்கும் மரவண்டியின் பாரமே, இரும்புக் கயிற்றின் மறுமுனையில் கட்டிய வெற்று வண்டியை மேலே இழுத்துவிடும். கீழே போகும் காடு, தன்னை ஏற்றிச்செல்லும் அடுத்த வண்டியைத் தானே மேலே அழைத்துக்கொண்டது. சாலைகளும் லாரிகளும் வந்தபின் பாதை கைவிடப்பட்டது. அதன் மிச்சங்கள் சில இன்றும் காட்டுக்குள் கிடக்கின்றன.

எந்த இரும்பும் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. சுத்தியலில் அரசின் குறி இருந்தது. எஞ்சினில் பெர்லின் நிறுவனத்தின் பெயர் இருந்தது. மரத்தை வெட்டியவர், யானையை நடத்தியவர், சங்கிலியைப் பூட்டியவர் பெயர் எதிலும் இல்லை. காடர், மலசர், மலைமலசர் குடிகளின் முன்னோர் அவர்களுள் இருந்தார்கள். கோழிகமுத்தி யானை முகாமில் இன்றும் மலசர் பாகர்களாக இருக்கிறார்கள். எந்தச் சரிவில் தடி உருண்டது, எங்கே யானை கால் இடறியது என்பன பாட்டன் சொல்லிப் பேரன் கேட்ட செய்திகளாக அக்குடிகளில் எஞ்சியிருக்கும். இரும்பு துருப்பிடிக்க இன்னும் நூறாண்டு ஆகலாம். நினைவுக்கு அத்தனை அவகாசம் இல்லை. தேடுவதாயின் முதலில் அங்கே போய்க் கேட்பதே முறை.

மலையில் இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு. வெட்டித் தீர்ந்த சரிவுகளில் மீண்டும் தேக்கு வளரப் பாடுபட்ட வனத்துறை அதிகாரி ஹியூகோ உட் 1933-இல் இறந்தார். தாம் வளர்த்த மரங்களுக்கிடையே, டாப்சிலிப்பை அடுத்த மவுண்ட் ஸ்டூவர்ட்டில் துயில்கிறார். கைத்தடியால் மண்ணில் குழியிட்டு, சட்டைப்பையிலிருந்த விதைகளைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று அப்பகுதியினர் சொல்வதுண்டு. என்னை அறிய வேண்டுமா, சுற்றிலும் பார் என்னும் பொருள்பட அமைந்தது அவர் கல்லறை வாசகம். வெட்டியவர்களுக்கு மண்ணுக்குள் துருவும், நட்டவருக்கு மண்ணுக்குமேல் நிழலும் சாட்சிகளாயின.

நண்பர் இப்போது கருவிக்குப் பதிலாக ஒரு குறிப்பேடு வாங்கியிருக்கிறார். முதல் பக்கத்தில் எழுதப்போவது காட்டுப்பள்ளியைப் பற்றித்தான். கால்வாயில் விறகுப் படகுகள் சென்றதைக் கண்டவர், அல்லது கண்டவர் சொல்லக் கேட்டவர், அந்தக் கரையோரக் குப்பங்களில் இன்னும் சிலரேனும் இருப்பர். அவர்களிடம் செல்ல எந்த அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை.