அஹுஜா சத்தம் என்று ஒன்று உண்டா?

கப்பலூர் பக்கம் கோயில் திருவிழா என்றால் சாமிக்கு முன்னால் மைக் செட் வந்துவிடும். ஆம்ப்ளிஃபயரில் அஹுஜா பெயர் இருந்தால் பெருசுகளுக்கு ஒரு திருப்தி. "அந்தச் சத்தமே தனி" என்பார்கள். 1940ல் தொடங்கிய டெல்லி கம்பெனி அது.

ஆனால் அந்தத் தனிச் சத்தம் பெரும்பாலும் மரத்தில் கட்டிய குழாயிலிருந்து வந்தது. குழாய் ஸ்பீக்கர் கீழ் ஸ்தாயியை விழுங்கிவிடும். நாதஸ்வரம் அடுத்த ஊர் வரை கணீரென்று போகும், தவில் மட்டும் தகர டப்பா மாதிரி கேட்கும்.

இங்கிலாந்தின் குவாட் கம்பெனிக்காக 1978ல் ஒரு சோதனை நடந்தது. அவர்களுடைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் இரண்டு. எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்ததில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. (சொந்தச் சரக்கைப் பற்றி இப்படி வெளியே சொல்ல தைரியம் வேண்டும்!)

அப்படியானால் வித்தியாசமே கிடையாதா? உண்டு. சில வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் ஸ்பீக்கருக்குத் தக்கபடி குரல் மாறும். ஆனால் 1985ல் அமெரிக்காவின் பாப் கார்வர், தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் போலவே பேச வைத்தார். அவர் விட்ட சவாலை ஏற்ற ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

குழாய் போய்ப் பெட்டி ஸ்பீக்கர் வந்த ஊர்களில் இன்றும் அஹுஜா ஓடுகிறது. பழைய சத்தம்தான் இல்லை.