யாருக்கு முதல் சிகிச்சை? முள்ளிவாய்க்கால் டாக்டர்களின் கேள்வி

இன்னிக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தையில ஆரம்பிக்கலாம்: த்ரியாஜ். பிரித்து வகைப்படுத்துவது என்று அர்த்தம். போர்ல காயம்பட்டவங்க ஒரே நேரத்துல வந்து குவியும்போது, யாருக்கு முதல் சிகிச்சை, யார் காத்திருக்கணும் என்று பிரிப்பதுதான் அது.

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து, 1954-ல் விட்டுப்போன ஊர் நம்ம காரைக்கால். ஆனா இந்த வார்த்தையோட முழுக் கனமும் தெரியணும்னா பிரான்சுக்குப் போக வேண்டாம், தென்கிழக்கே கடலைத் தாண்டினால் போதும். நேர்கோட்டில் அளந்தால் காரைக்காலுக்குச் சென்னையை விட முல்லைத்தீவுதான் பக்கம்.

முதல்ல விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார் என்றார். தளபதியைவிட மோசமா அடிபட்ட சிப்பாய்க்குத்தான் முதல் இடம். 1846-ல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜான் வில்சன் இன்னும் ஒரு படி போனார். லேசான காயம் காத்திருக்கலாம். பிழைக்க வாய்ப்பே இல்லாதவரும் காத்திருக்கட்டும். உடனே ஆபரேஷன் செய்தால் பிழைப்பவரை முதலில் எடு.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ள ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு: கொஞ்ச நேரத்துல மருந்தும் ஆளும் வந்துரும், காத்திருப்பவருக்கும் முறை வரும் என்பதுதான் அது.

2009-ல் வன்னியில் அந்த முறை வரவே இல்லை. புதுக்குடியிருப்பு மருத்துவமனை பிப்ரவரியில் ஷெல் வீச்சுக்கு உள்ளானது. அதை விட்டு மக்களோடு மக்களாக நகர்ந்த டாக்டர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோர் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக மருத்துவமனைகள் நடத்தினார்கள். மூவரும் இலங்கை அரசு ஊழியர்கள். 2011-ல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை அங்கே நடந்ததைப் பதிவு செய்திருக்கிறது: போதிய மயக்க மருந்து இல்லாமல் கை, கால்களை அகற்றினார்கள். ரத்தம் இல்லாததால் நோயாளியின் ரத்தத்தையே துணியில் வடிகட்டி மறுபடி ஏற்றினார்கள்.

பிப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் காயம்பட்டவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தது. கரையில் எல்லாருக்கும் இடமில்லை. காலிழந்த குழந்தையா, வயிற்றில் காயம்பட்ட தாயா? லாரேயின் விதி இதுக்குப் பதில் சொல்லுமா?

இங்கதான் நாம தப்பான இடத்துல கேள்வி கேட்கிறோம்னு தோணுது. அந்தக் கடற்கரையில டாக்டர் யாரையும் பிரிக்கிறதுக்கு முன்னாடியே, கொழும்பில் ஒரு எண் பிரித்துவிட்டது. அங்கே சிக்கியிருப்பவர்கள் 70,000 பேர்தான் என்றது அரசு. முடிவில் முகாம்களுக்கு வந்தவர்கள் சுமார் 2,90,000 பேர். குறைத்துக் காட்டிய கணக்குக்கு ஏற்பத்தான் உணவும் மருந்தும் போச்சு. அறுவை சிகிச்சைப் பொருட்கள் கிட்டத்தட்ட போகவே இல்லை. இன்னொரு பக்கம், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள். இதையும் அதே அறிக்கை சொல்கிறது.

கோடிங் தெரிஞ்சவங்களுக்கு 'ஸ்டார்வேஷன்' தெரியும்: வரிசையில் பின்னாடி தள்ளப்பட்டவனுக்கு முறை வராமலே போவது. அப்போ வரிசைப்படுத்துபவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வளத்தை அடைச்சு வச்சது யாருன்னு பார்க்கணும்.

மே 9-ஆம் தேதிக்குப் பிறகு கப்பல் வரவில்லை. மே நடுவில், நகர்த்த முடியாத நூற்றுக்கணக்கான நோயாளிகளை விட்டுவிட்டு மருத்துவ ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. வெளியே வந்த டாக்டர்கள் கைது செய்யப்பட்டார்கள். போரின்போது உயிரிழப்பு பற்றித் தாங்கள் சொன்னது மிகை என்று, காவலில் இருந்தபடியே ஜூலையில் செய்தியாளர்கள் முன் சொன்னார்கள். ஆகஸ்டில் ஜாமீன் கிடைத்தது.

யாரைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். அந்த நிலையை உருவாக்கியவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த தடவை ஏதாவது ஒரு போர்ச் செய்தியில் 'டாக்டர்கள் கடினமான முடிவு எடுத்தார்கள்' என்று படித்தால், மருந்து ஏன் தீர்ந்தது என்றும் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.